தனக்குத் தானே ஒற்றை நட்சத்திரம்

டயர் கடைக்கு மேலிருந்த அறையில் அன்று மூன்று பேர். இருந்த ஒரே நாற்காலியில் அக்கா, பார்சல் பெட்டியின் மேல் தம்பி, ஓடத் தோதாக வாசலை ஒட்டி அக்காவின் வீட்டுக்காரர்.

கடையில் வாங்கும் பொருளை அன்றைக்கே வீடு சேர்ப்பது தம்பி அக்காவோடு சேர்ந்து நடத்தும் கம்பெனி. அந்தப் பக்கம் போகிற யாரும் பார்சலை எடுத்துப்போய்க் கூலி வாங்கிக்கொள்ளலாம். கம்பெனியை வாழவைப்பதே ஒரு செருப்புக் கடைதான். ‘தாமதம்’ என்று வாடிக்கையாளர் யாரோ ஆப்பில் கொடுத்த ஒற்றை நட்சத்திரத்தைப் பார்த்துக் கொதித்த கடைக்காரர், இனி உங்கள் சங்காத்தமே வேண்டாம் என்றுவிட்டார்.

விசாரித்தால், செருப்பை வாங்கியவர் அத்தான். கொண்டுபோனவரும் அத்தான்.

“நம்ம வீட்டுப் பக்கம் போறவன் என்னை விட்டா யாரு?” என்றார் அவர்.

“சரி அத்தான், நட்சத்திரத்தை ஏன் குறைச்சீங்க?”

“வழியில கதை பேசி நின்னுட்டேன். லேட்டுதானே? பொய் சொல்லச் சொல்றியா மாப்ளே?”

“அரிச்சந்திரனே தோத்தான் போங்க” என்றாள் அக்கா. அவளுக்குச் சிரிப்பு வந்தது.

“கடைக்காரருக்கு மெஷின் கோளாறுன்னு எழுதுக்கா” என்று தம்பி கெஞ்சினான்.

அக்கா கேட்கவில்லை. நிதானமாக எழுதினாள்: “ஐயா, வாங்கியவரும், தாமதித்தவரும், குறை சொன்னவரும் என் கணவரே. தன்னையே காட்டிக்கொடுக்கிற ஆட்களை வைத்துத் தொழில் செய்கிறோம். எங்களை நம்பலாம்.”

உறையை ஒட்டி அத்தானிடம் நீட்டினாள்.

“மன்னிப்பையும் நீங்களே கொண்டுபோய்ச் சேர்த்துடுங்க.”

அவர் படியிறங்கினார்.