மேல்மாடிக்காரரின் தங்கச்சி

செவ்வாய்க்கிழமைகளில் பூரணி வீட்டு முன்கூடத்தில் உட்காரக் கதிரை கிடைக்க வேண்டுமென்றால் விளக்கு வைக்கும் நேரத்துக்கே வந்துவிட வேண்டும். பிந்தி வந்தால் பாய்தான். அந்த ஒழுங்கையில், அந்தச் சந்து முழுக்க, கலர் டீவி இருந்த வீடு அது ஒன்றுதான். கரண்ட் போனாலும் கவலையில்லை, துறைமுகத்தில் வேலை செய்த அவள் கணவர் யோகலிங்கம் கார் பற்றறியைக் கொண்டுவந்து மாட்டிவிடுவார். ஊரில் ஒன்றும் ஒழுங்காக நடக்காத யுத்த காலம் அது. பஸ் நின்றுபோகும், கடலுக்குப் போகத் தடை வரும், கடையில் கோதுமை மா இருக்காது. 'மேல்மாடிக்காரர்' நாடகம் மட்டும் கிழமை தவறாமல் வந்தது.

கதை இதுதான். கொழும்பில் ஒரு பெரிய வீடு. அதன் மேல்மாடி அறைக்கு வாடகைக்கு வருகிறார் ஒருவர். வெள்ளை வேட்டி, எண்ணெய் வைத்து வாரிய தலை, தேன் ஒழுகும் பேச்சு. அவர்தான் பேய். சின்னப் பேய் பிசாசு இல்லை, அந்தக் கூட்டத்துக்கெல்லாம் தலைவன். கொம்பும் கிடையாது, வாலும் கிடையாது. யாரும் "வாங்கோ" என்று சொல்லாமல் ஒரு வாசற்படியையும் மிதிக்கமாட்டார். உள்ளே வந்தால் ஒரே ஒரு கேள்வி கேட்பார், கேட்டுவிட்டுச் சிரிப்பார். மிச்சத்தை அந்த வீட்டு மனிதர்களே செய்து முடிப்பார்கள். அண்ணன் தம்பி வெட்டிக்கொள்வார்கள், மாமியார் மருமகளுக்கு நஞ்சு வைப்பாள்.

அந்தச் சிரிப்பைக் கண்டால் ஒழுங்கைப் பெண்கள் ஆளையாள் நெருங்கி இருப்பார்கள். முன்வரிசைக் கதிரையில் இருக்கும் பரீதா ஒவ்வொரு முறையும் திரையைப் பார்த்துக் கையை நீட்டி ஏசுவாள். "நாசமாப் போவான், பல்லக் காட்டுறான் பாருங்க. இவனைக் கையில கிடைச்சா உலக்கையால இடிப்பன்." பக்கத்து வீட்டு நல்லம்மா நாடகம் முடிந்ததும் வாசலில் உப்பும் மிளகாயும் சுற்றிப் போட்டுவிட்டுத்தான் படுப்பாள். ஒழுங்கைக்குள் ஷெல் விழுந்த நாளில்கூட அவள் அப்படிச் சுற்றிப் போட்டதில்லை.

பேயாக நடித்தவர் பாக்கியரத்தினம். பூரணியின் கூடப்பிறந்த ஒரே அண்ணன்.

அது ஒழுங்கையில் ஒருவருக்கும் தெரியாது. கூட்டுறவுச் சங்க மனேச்சர் வேலையை உதறிவிட்டு நாடகம் நடிக்கிறேன் என்று பாக்கியரத்தினம் கொழும்புக்குப் போனபோது, அப்பா அவருக்குத் தலைமுழுகிவிட்டார். அப்பா செத்த பிறகும் பூரணி அந்த முழுக்கிலிருந்து எழும்பவில்லை. தோப்பூர்ப் பக்கத்திலிருந்து இடம்பெயர்ந்து இந்த ஒழுங்கைக்கு வந்த புதிதில், கூடப்பிறந்தவர்கள் யாரும் உண்டோ என்று கேட்டவர்களுக்கு, "ஓம், அண்ணா ஒராள். கப்பலில வேலை" என்று சொல்லிவைத்தாள். துறைமுக ஊரில் கப்பல் என்றால் மேற்கொண்டு யாரும் கேள்வி கேட்பதில்லை. யோகலிங்கத்துக்கு மட்டும் உண்மை தெரியும். அவர் வாயைத் திறந்தால் அடுத்த வேளைச் சோறு எப்படி வரும் என்பதும் அவருக்குத் தெரியும்.

ஒரு செவ்வாய்க்கிழமை பரீதா திரையையும் பூரணியையும் மாறி மாறிப் பார்த்தாள். "இவன்ட மூக்கு உங்கட மூக்கு மாதிரியே இருக்கு புள்ள" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள், பூரணியும் சிரித்தாள். அன்றிலிருந்து மேல்மாடிக்காரரை எல்லோரையும்விட உரக்க ஏசியவள் அவள்தான். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். பூரணியின் நெஞ்சு குறுகுறுக்காமல் வாயால் வெளியே வந்தது.

பரீதாவின் கொழுந்தன் மகளுக்குக் குறிஞ்சாக்கேணியில் கலியாணம். ஒழுங்கைப் பெண்கள் ஒரு கூட்டமாகப் போய், வயிறு முட்டப் பிரியாணி தின்றுவிட்டு, பாதை என்று சொல்லும் மிதவைப் படகில் ஏறித் தண்ணீரைக் கடந்து, பஸ் பிடித்துத் திரும்பி வந்தார்கள். ஊருக்குள் நுழைகிற இடத்தில் சோதனைச் சாவடி. எல்லோரும் இறங்கி, அடையாள அட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு வரிசையில் நடக்க வேண்டும். அது பழகிப்போன கஷ்டம். கலியாண வீட்டுக் கதையை விடாமலே நடந்தார்கள்.

பக்கத்தில் கொழும்பு பஸ்ஸும் நின்றது. அதன் வரிசையில் ஒரு ஆளை மட்டும் தனியே எடுத்து நிறுத்தியிருந்தார்கள். கசங்கிய சேட்டு, தோளில் ஒரு துணிப்பை. நல்லம்மாதான் முதலில் கண்டாள்.

"ஐயோ, அங்க பாருங்கோ. மேல்மாடிக்காரர்."

பெண்கள் மொத்தமாகத் திரும்பினார்கள். கொஞ்சம் பயம், நிறையச் சந்தோஷம். பரீதா முந்தானையை இழுத்துச் சொருகிக்கொண்டு, "டேய் சைத்தானே, இஞ்சயும் வந்திட்டியா? எந்த வீட்டக் கெடுக்க வந்தாய்?" என்று கேட்டாள். வரிசை முழுவதும் சிரித்தது. அந்த மனிதரும் சிரிக்கப் பார்த்தார். அப்போதுதான் பெண்களுக்கு நடுவில் பூரணியைக் கண்டார்.

அவர் முகம் மலர்ந்தது. அந்த மலர்ச்சியைப் பூரணி சாகும்வரை மறக்கமாட்டாள்.

வெளியூர்க்காரர் உள்ளே போவதென்றால் அப்போது ஊருக்குள் ஒருவர் பொறுப்பு நிற்க வேண்டும். இல்லாவிட்டால் முகாம்தான். முகாமுக்குப் போனவர்கள் எல்லோரும் திரும்பி வந்ததில்லை. பாக்கியரத்தினம் ஆமிக்காரனிடம் கையைக் காட்டிச் சொன்னார்: "அந்தா நிக்கிறா, என்ர தங்கச்சி. அவவிட்டத்தான் போறன்."

ஆமிக்காரன் பூரணியிடம் வந்தான். சின்ன வயசு, உடைந்த தமிழ். "அம்மா, அது ஒங்கட அண்ணாவா?"

பெண்கள் அத்தனை பேரும் அவள் முகத்தையே பார்த்தார்கள். சிரிப்பு அவர்கள் வாயில் இன்னும் மிச்சம் இருந்தது. ஓம் என்ற ஒரு சொல். அதைச் சொல்லியிருந்தால் போதும். பூரணிக்குப் படித்த சிங்களம் நன்றாக வரும். அந்த நல்ல சிங்களத்தில், பிழை இல்லாமல், "இல்லை, எனக்கு இவரைத் தெரியாது" என்றாள். பிறகு பெண்கள் பக்கம் திரும்பித் தமிழில், "டீவியில பாத்த முகம், அவ்வளவுதான்" என்றாள்.

பெண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

பயத்தில் சொன்னாள் என்றால் ஊர் மன்னித்திருக்கும். பயத்தில் சொந்தப் பிள்ளையையே தெரியாது என்று சொன்ன தாய்மார் இருந்த ஊர் அது. ஆனால் பூரணிக்கு அந்த நேரம் பயம் துளியும் இல்லை. வெட்கம்தான். பேயின் தங்கச்சி என்று நாளைக்குக் குழாயடியில் கதைப்பார்களே, கப்பல் கதை பொய்யாகிவிடுமே என்ற அற்ப வெட்கம்.

பாக்கியரத்தினம் அவளை இன்னொரு முறை பார்க்கவில்லை. ஆமிக்காரனிடம், "மன்னிக்கோணும், ஆள் மாறிப்போச்சு" என்றார். இல்லாத தங்கச்சியை இருக்கிறாள் என்று காட்டியவனை யார் சும்மா விடுவார்கள்? இரண்டு பேர் வந்து அவர் கையைப் பிடித்தார்கள். துணிப்பையைப் பறித்துக் கவிழ்த்தபோது ஒரு பெட்டி மஸ்கெற் உருண்டு புழுதியில் விழுந்தது. சின்ன வயதில் பூரணி உயிரை விடுகிற தின்பண்டம் அது.

வீட்டுக்கு வந்து பூரணி சமைத்தாள், பரிமாறினாள், பாத்திரம் கழுவினாள். யோகலிங்கத்திடம் மூச்சு விடவில்லை. விடிந்ததும் சீலையை மாற்றிக்கொண்டு முகாமுக்கென்று வெளிக்கிட்டாள். சந்திக் கடை வரைக்கும் போனாள். நேற்றுத் தெரியாது என்றவள் இன்று தெரியும் என்று எந்த வாயால் சொல்வது என்று நினைத்தாள். கடையில் தேவையில்லாத ஒரு சவர்க்காரக் கட்டியை வாங்கிக்கொண்டு திரும்பினாள்.

அன்று மத்தியானம் பரீதா வந்தாள். அவள் தம்பி றஊப் முகாமுக்குப் பேக்கரிப் பாண் கொடுக்கிறவன்.

"புள்ள, அந்த நாடகக்காரர உள்ளுக்க வெச்சிருக்காங்களாம். அடியும் போட்டிருக்கானுகள். பொறுப்பு நிக்க ஒருத்தரும் இல்லையாம்."

அக்கா முறையில் ராத்தா என்றுதான் பூரணி அவளைக் கூப்பிடுவாள். "நாங்கள் என்ன செய்ய ஏலும் ராத்தா?"

"என்ன செய்யவா? போய்ச் சொல்றதுதான். டீவில அவன் பேயெண்டாலும் றோட்டுல மனிசன்தானே. நான் வேற பகிடி பண்ணிப்போட்டன், ராவு முழுக்க நித்திரை இல்ல. ஒங்களுக்குச் சிங்களம் வரும். வாங்க, போவம்."

"எனக்குத் தலையிடி ராத்தா. நிக்கவே ஏலாமக் கிடக்கு" என்றாள் பூரணி.

பரீதா அவள் நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள். "ஓம், சுடுது. படுங்க" என்று சொல்லிவிட்டு, மற்றப் பெண்களைச் சேர்த்துக்கொண்டு போனாள். அந்தக் கை பட்ட இடம் பூரணிக்கு வெகுநேரம் எரிந்தது.

முகாமில் நடந்ததைப் பிறகு நல்லம்மா நடித்தே காட்டினாள். முகாமுக்குப் பெரியவன் கதிரையில் இருந்தபடி, இந்த ஆளை உங்களுக்கு எப்படித் தெரியும் என்று கேட்டானாம். பரீதா தனக்குத் தெரிந்த சிங்களத்தில், "ஒவ்வொரு செவ்வாய்க்கிழமையும் ராவில எங்கட ஒழுங்கைக்கு வாறவர்" என்று சொல்லிவிட்டாளாம். பெரியவன் துள்ளி எழும்பிவிட்டானாம். டீவியில், டீவியில் என்று எல்லோரும் கத்தி விளங்கப்படுத்தவே பெரும்பாடாம். அவன் நம்பவில்லை. பாக்கியரத்தினத்தைக் கூட்டிவரச் சொல்லி, "நீ பேயாக நடிக்கிறவன் என்றால் நடித்துக் காட்டு" என்றானாம். வீங்கிய உதட்டோடு அவர் நிமிர்ந்து நின்று, பெண்களை ஒருமுறை பார்த்து, அந்தச் சிரிப்பைச் சிரித்தார். பரீதா அல்லாஹ்வைக் கூப்பிட்டுக்கொண்டு நல்லம்மாவின் பின்னால் ஒளிந்தாள். நல்லம்மா கண்ணைப் பொத்திக்கொண்டாள். இத்தனை பெண்கள் ஒரே நேரத்தில் பொய்யாகப் பயப்பட ஏலாது என்று பெரியவனுக்குப் பட்டிருக்க வேண்டும். அவனும் சிரித்துவிட்டு, கூட்டிக்கொண்டு போங்கள் என்றானாம்.

கூட்டிக்கொண்டு நேரே பூரணி வீட்டுக்குத்தான் வந்தார்கள். நாடகம் பார்க்கிற வீடு அதுதானே.

பாக்கியரத்தினம் வாசற்படிக்கு வெளியே நின்றுவிட்டார். கன்னத்தில் நீலம் பாய்ந்திருந்தது. "வாங்கோ எண்டு சொல்லுங்க புள்ள, சொல்லாட்டி இவர் படி ஏறமாட்டாரே" என்று பரீதா பகிடி விட்டாள். எல்லோரும் சிரித்தார்கள்.

"வாங்கோ" என்றாள் பூரணி.

அவர் உள்ளே வந்து முன்வரிசைக் கதிரையில் இருந்தார். "நன்றி அம்மா. உங்களுக்குக் கரைச்சல் தந்திட்டன்" என்றார், முன்பின் தெரியாத வீட்டுக்காரியிடம் பேசுவதுபோல. சொல்லில் ஒரு முள் கிடையாது, பார்வையில் ஒரு கேள்வி கிடையாது. அவள் வைத்துக்கொண்ட பொய்யை அவர் காவல் காத்தார். பூரணிக்கு நிலம் பிளந்து உள்ளே விழுந்தால் நல்லது என்றிருந்தது.

குசினிக்குப் போய்த் தேத்தண்ணி ஊற்றினாள். சீனி எவ்வளவு என்று கேட்கவில்லை. மூன்று கரண்டி போட்டாள், இஞ்சி தட்டிப் போட்டாள். கொண்டுவந்து நீட்டி, "அண்ணா, தேத்தண்ணி" என்றாள்.

சொல்லிவிட்டேன் என்று நினைத்தாள். ஆனால் ஒருவரும் தலையைத் திருப்பவில்லை. கடைக்காரனும் அண்ணா, பஸ் கொண்டக்டரும் அண்ணா என்ற ஊரில் அந்தச் சொல்லை யார் கவனிப்பார்கள்? அவர் மட்டும் ஒரு வாய் குடித்துவிட்டு, கோப்பைக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தார். இதோடு விட்டுவிடலாம். நாளைக் காலை பஸ்ஸில் அவர் போய்விடுவார். கப்பல் கதை கப்பலாகவே இருக்கும்.

"இவர் என்ர அண்ணா" என்றாள் மறுபடியும். "என்ர கூடப்பிறந்த அண்ணா. நாங்கள் ரெண்டு பேரும் ஒரு வயித்துப் பிள்ளையள். கப்பலில ஒருத்தரும் இல்லை."

பெண்கள் அவளைப் பார்த்தார்கள், அவரைப் பார்த்தார்கள். மூக்கைப் பார்த்தார்கள்.

"அப்ப நேத்து செக் பொயின்ற்ல..." என்று தொடங்கினாள் பரீதா. பூரணியின் நெற்றியைத் தொட்ட கையை மடியில் வைத்துக்கொண்டாள்.

பாக்கியரத்தினம் நிமிர்ந்தார். தங்கச்சியின் முகத்தைக் கண்டார், பெண்களின் முகத்தையும் கண்டார். இந்த இடத்தை எப்படியாவது சிரிக்க வைத்துவிட வேண்டும் என்று அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும். வீங்கிய உதட்டால் சிரித்துக்கொண்டு சொன்னார்:

"நேற்று பூரணி நல்லா நடிச்சவள். எத்தினை வருசமா நடிக்கிறன், எனக்கு அப்பிடி வராது. ஆமிக்காரன் கேட்டு அவள் சொன்ன நேரம், நானே நம்பிப்போனன்."

ஒருவரும் சிரிக்கவில்லை. நல்லம்மா மெதுவாக எழும்பி டீவிக்கு முன்னால் கிடந்த பாயைச் சுருட்டத் தொடங்கினாள்.