பதினேழாம் சிக்னலின் மூன்று நொடிகள்

செவ்வாய்க்கிழமை காலை பத்து மணி பன்னிரண்டு நிமிடத்துக்குப் பதினேழாம் எண் சிக்னல் மூன்று நொடிகள் சிவப்பாகவும் பச்சையாகவும் இருந்தது. மாறி மாறி எரியவில்லை, விளக்கிலும் பழுதில்லை. சிக்னல் போடும் கேபினில் இருந்தவளுக்குச் சிவப்பு. இன்ஜினில் இருந்தவனுக்குப் பச்சை. முன்னால் நின்ற சரக்கு ரயில் இன்னும் நகரவில்லை என்று தகவல் வந்ததும் கேபின்காரி பொத்தானை அழுத்திச் சிவப்பு போட்டாள். அதற்கு மூன்று நொடி கழித்து எக்ஸ்பிரஸ் பச்சையைக் கடந்துபோய்ச் சரக்கு ரயிலின் வாலில் மோதியது. கடைசிப் பெட்டியில் இருந்த கார்டு அங்கேயே இறந்துபோனார். எக்ஸ்பிரஸை ஓட்டியவன் கேபின்காரியின் கூடப்பிறந்த அண்ணன்.

கேபினில் இருந்த பதிவுக்கருவி சிவப்பு என்றது. இன்ஜினில் இருந்தது பச்சை என்றது. இரண்டின் கடிகாரங்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். ஒரு நொடிகூட வித்தியாசம் இல்லை. விசாரணைக்கு வந்த அதிகாரி இரண்டு காகிதங்களையும் மேஜையில் வைத்து, "ஒண்ணு உண்மைன்னா இன்னொண்ணு பொய். ரெண்டு பேர்ல யார் ஜெயிலுக்குப் போறதுன்னு நீங்களே சொல்லிட்டா எனக்கு வேலை மிச்சம்" என்றார். அண்ணனும் தங்கையும் அவரவர் பார்த்ததையே சொன்னார்கள். அன்றிலிருந்து ஒருவர் முகத்தில் ஒருவர் விழிக்கவில்லை.

இருவர் குவார்ட்டர்ஸுக்கும் நடுவில் ஒரே சுவர். அந்தப் பக்கம் அண்ணன் இருமுவது இந்தப் பக்கம் கேட்கும். முன்பெல்லாம், "மருந்து குடிச்சியா?" என்று இங்கிருந்தே குரல் கொடுப்பாள். இப்போது இருமல் கேட்கும்போதெல்லாம், பொய்யன், பொய்யன் என்று மனசுக்குள் கறுவினாள். ஒரு மத்தியானம் அண்ணி வந்து அடுப்படியில் உட்கார்ந்தாள். "கை நடுங்கி லேட்டா அழுத்திட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லேன்மா. உனக்குப் பிள்ளையா குட்டியா? எனக்கு ரெண்டு இருக்கு." கேபின்காரி எழுந்துபோய்க் கதவைத் திறந்துவிட்டாள். அண்ணி போன பிறகு, தான் அழுத்திய விரலையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நாலாவது வாரம் அதிகாரி ஒரு சோதனை வைத்தார். தண்டவாளத்தைக் காலி செய்துவிட்டு, அண்ணனைக் கேபினில் உட்கார வைத்துத் தானும் அங்கேயே நின்றுகொண்டார். தங்கையை இன்ஜினில் ஏற்றி அனுப்பினார். அதே வேகம், அதே நேரம். வண்டியை ஓட்டிய வேறொரு டிரைவர், நமக்கு எதுக்கு வம்பு என்று மீட்டரை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. வயர்லெஸ்ஸில் அண்ணன் குரல் வந்தது: "சிவப்பு போட்டுட்டேன்." அவள் எதிரே சிக்னல் பச்சையாக எரிந்தது. கண்ணைக் கசக்கிக்கொண்டு பார்த்தாள். பச்சை. சிவப்பு என்று சொல்லிவிட்டால் தப்பித்துவிடலாம், கேட்க ஆளில்லை. சிக்னல் தலைக்கு மேலே கடந்துபோயிற்று. வயர்லெஸ்ஸை எடுத்தாள். "பச்சை சார். அண்ணன் பொய் சொல்லல." பிறகு அண்ணனின் குரல் உடைந்து வந்தது. "இங்க சிவப்புதான் சார். அவளும் பொய் சொல்லல."

அதிகாரிக்கு வியர்த்துவிட்டது. இரண்டு பேராசிரியர்களை வரவழைத்தார். இயற்பியல்காரர், ஓடுகிறவனுக்கும் நிற்கிறவனுக்கும் 'ஒரே சமயம்' என்பது ஒன்றல்ல, இது எங்களுக்குப் பழைய சங்கதி, ஆனால் ரயில் வேகத்தில் அந்த வித்தியாசம் எந்தக் கடிகாரத்துக்கும் அகப்படாது, மூன்று நொடி என்பது அக்கிரமம் என்று கோபித்துக்கொண்டார். தர்க்கம் படித்தவர் இன்னும் பதறினார். "ரெண்டையும் உண்மைன்னு எழுதிடாதீங்க. முரண்பாட்டை ஒரு தடவை உள்ள விட்டா, அதை வெச்சு எதை வேணும்னாலும் நிரூபிச்சிடலாம். செத்துப்போன அந்தக் கார்டு உயிரோட இருக்கார்னுகூட."

கார்டின் மனைவி எல்லா விசாரணைக்கும் வந்து, பின்வரிசையில் வாய் திறக்காமல் உட்கார்ந்திருப்பவள். அன்றைக்கு எழுந்தாள்.

"அதை நிரூபிங்க சார்."

தர்க்கக்காரர் தப்பிக்கப் பார்த்தார், அவள் உட்காரவில்லை. கடைசியில் அவர் பேனாவைத் திறந்து ஏழு வரி எழுதினார். இயற்பியல்காரர் படித்துப் பார்த்துவிட்டுப் பிழையில்லை என்றார். கார்டு உயிரோடு இருக்கிறார் என்று ஏழாவது வரி சொன்னது. அறையில் இருந்த அத்தனை பேரும் வாசலைப் பார்த்தார்கள். வராந்தாவில் யாரோ நடந்து வரும் சத்தம் கேட்டது; அது கதவைத் தாண்டிப் போய்விட்டது. அரைமணி நேரம் காத்திருந்தார்கள். பிறகு கார்டின் மனைவி உட்கார்ந்து, புடவைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள். அண்ணன் எழுந்து வந்து, நாற்காலி இருந்தும், தங்கையின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தான்.

முரண்பாட்டை உள்ளே விட்டும் செத்தவர் யாரும் எழுந்து வரவில்லை. எனவே அதனால் பெரிய ஆபத்து இல்லை என்று முடிவுகட்டி, அதிகாரி இரண்டையும் உண்மையென்றே எழுதிக் கையெழுத்துப் போட்டார். யாரும் ஜெயிலுக்குப் போகவில்லை. செத்துப்போன கார்டுக்குப் பதிலாக அவர் மனைவிக்கு வேலை கொடுத்தார்கள். பதினேழாம் சிக்னலின் கீழே எல்லா ரயிலும் நிற்க வேண்டும். அவள் தண்டவாளத்தைத் தன் கண்ணால் பார்த்துவிட்டுக் கொடி காட்டுவாள்.

அண்ணன் மறுபடி வண்டி எடுத்த முதல் நாள் அவள் கொடியைத் தூக்கவில்லை. பாதை காலியாகத்தான் இருந்தது. பயணிகள் தலையை நீட்டி எட்டிப் பார்த்தார்கள். கேபின் ஜன்னலில் நின்ற தங்கை கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டாள். அண்ணன் ஹாரன் அடிக்கவில்லை. தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தான். பதினோராம் நிமிடத்தில் அவள் பச்சைக் கொடியை உயர்த்தினாள். அடுத்த கால அட்டவணையில் அந்த நிறுத்தத்தைப் பதினோரு நிமிடம் என்றே அச்சடித்தார்கள்.