நல்லையாவின் வயிற்றில் நாற்பத்தொரு பேர்

1957ஆம் ஆண்டு ஆடி அமாவாசைக்கு மறுநாள் காலை ஏழு மணிக்கு, மலாக்கா காஜா பேராங் பகுதித் தபால்காரர் நல்லையாவின் வயிற்றில் நாற்பத்தொரு பேர் குடியேறினார்கள். அன்று பாசாரில் மீன் விலை சற்று இறங்கியிருந்தது.

நல்லையா தினமும் விடியற்காலையில் முப்பது மைல் சைக்கிள் மிதித்துவிட்டுத்தான் கடிதப் பையைத் தோளில் போடுவார். அவருடைய கெண்டைக்காலைக் கடித்த நாய் இரண்டு பற்களை இழந்து, அன்று முதல் கஞ்சி மட்டுமே குடித்து வந்தது. கால்களைப் பற்றி யாருக்கும் சந்தேகமில்லை. வயிறுதான் சரியில்லை. நான்கு பந்தயங்களில் கலந்துகொண்டு நான்கிலும் நாற்பதாவது மைலில் சைக்கிளைப் போட்டுவிட்டுப் புதரைத் தேடி ஓடினார். அலோர் காஜாவிலிருந்து தம்பின் வரை சாலையோரப் புதர்களில் அவருக்குப் பழக்கமில்லாதது ஒன்றுகூட இல்லை. சைக்கிள் சங்கத்தின் விதி கண்டிப்பானது. முடிவுக் கோட்டில் இறங்கி, ஒரு காலையாவது தரையில் ஊன்றி, மேசைமேல் இருக்கும் புத்தகத்தில் கையெழுத்துப் போட்டால்தான் பந்தயம் முடிந்ததாகக் கணக்கு. ஐந்தாவது முறையும் முடிக்காதவர் பெயர் சங்கத்திலிருந்து அடிக்கப்படும். நல்லையா கோப்பைக்கு ஆசைப்படவில்லை. அந்தப் புத்தகத்தில் ஒரே ஒரு முறை தன் பெயரை எழுதிவிட வேண்டும் என்றுதான் நான்கு வருடமாகத் தவித்தார்.

சங்கத் தலைவர் ராஜரத்தினம் இருபத்தாறு வருடம் தோட்ட மருத்துவமனையில் கட்டுக்கட்டி மருந்து கொடுக்கும் டிரெசராக இருந்து ஓய்வு பெற்றவர். சைக்கிளை மிதிப்பது கால் என்றாலும் அந்தக் காலை மிதிப்பது வயிறுதான் என்பது அவர் கட்சி. பழைய சோற்று நீராகாரத்தில் கண்ணுக்குத் தெரியாத நல்ல ஜீவன்கள் கோடிக்கணக்கில் உண்டு, அவை உள்ளே போய்க் குடித்தனம் செய்தால் நூறு மைல் ஓடினாலும் வயிறு கலங்காது என்று அடித்துச் சொன்னார். விடுதலைக்கு மறுமாதம் சிரம்பான் போய்த் திரும்பும் பெரிய பந்தயம் இருந்தது. சங்கத்தின் பன்னிரண்டு ஓட்டக்காரர்களையும் சீட்டுக் குலுக்கிப் பிரித்தார். ஆறு பேருக்குக் காலையில் சின்ன வெங்காயத்தோடு நீராகாரம், ஆறு பேருக்கு வெறும் உப்புத் தண்ணீர். யாருக்கு எது என்பது ரகசியம் என்றார். ஏப்பம் விட்டதும் ஊருக்கே தெரிந்துவிட்டது. நோட்டுப் புத்தகத்தில் ஒவ்வொருவரும் எத்தனை நிமிடம் ஓட்டினார், எத்தனை தடவை கொல்லைக்குப் போனார் என்று இரண்டு பத்திகளாக எழுதி வந்தார்.

நீராகாரக் கட்சியில் இருந்த நல்லையாவுக்கு அதைத் தயாரித்தவர் மனைவி கோகிலா. ஆடி அமாவாசையன்று அந்த வீட்டில், இறந்துபோனவர்களைப் பேர் சொல்லி அழைத்து இலையில் சோறு படைப்பார்கள். அதைக் காக்கைக்கு வைக்க வேண்டும். மிஞ்சினால் பொழுது சாய்வதற்குள் ஓடுகிற நீரில் கரைத்துவிட வேண்டும். ஆனால் அன்று கடலோரத் தெங்கேராவில் இறால் காயப்போட்டிருந்ததால் காஜா பேராங்கின் காக்கைகள் ஒன்று விடாமல் அங்கே போய்விட்டன. ஜப்பான்காரன் காலத்தில் மூன்றரை வருடம் மரவள்ளிக்கிழங்கையே தின்று பிழைத்த கோகிலாவுக்கு, வெள்ளைச் சோற்றை ஆற்றில் கரைக்கக் கை வரவில்லை. படையல் சோற்றைச் சட்டியில் போட்டுத் தண்ணீர் ஊற்றி மூடி வைத்தார். மறுநாள் நல்லையா மூன்று குவளை குடித்தார்.

மூன்றாவது குவளை இறங்கியதும் உள்ளேயிருந்து ஒரு பெண் குரல், இது எந்த லயம், வரிசை வீடுகளைக் காணோமே என்று கேட்டது. அவள் பெயர் அஞ்சலை. நல்லையாவின் தகப்பன்வழிச் சொந்தம்; அவளோடு இருந்த நாற்பது பேரும் அப்படித்தான். எல்லோரும் புக்கிட் ரம்பாய் பக்கத்துத் தோட்டத்தில் ரப்பர் பால் மரம் வெட்டிய குடும்பத்தவர்கள். கப்பலிலிருந்து இறங்கி நேரே தோட்டத்துக்குள் போனவர்களும், உள்ளேயே பிறந்தவர்களும் இருந்தார்கள். ஒருவர்கூடச் செத்த பிறகும் தோட்ட வாசலைத் தாண்டியதில்லை. இப்போது வெளியே வந்துவிட்டது தெரிந்ததும் அவர்களுக்கு இருப்புக் கொள்ளவில்லை.

அன்றைய கடிதங்களை நல்லையா எட்டு மணிக்குள் கொடுத்து முடித்தார். மறுநாள் வரவேண்டிய கடிதங்களைப் பத்து மணிக்குள் கொடுத்தார். மதியத்துக்குள் இன்னும் எழுதப்படாத கடிதங்களையும் கொடுக்க ஆரம்பித்தார். தெங்கேராவில் சிகப்பி ஆச்சிக்கு ஒரு கல்யாணப் பத்திரிகை வந்தது. பெண் பார்க்கும் படலமே அதற்கு அடுத்த வாரம்தான் நடந்தது; ஆச்சி சேலை எடுத்துத் தயாராக இருந்தார். நாற்காலியில் உட்கார்ந்தால் நாற்காலி நகர்ந்து வாசலுக்கு வந்துவிடும். படுத்தால் கால்கள் மிதித்துக்கொண்டே இருந்ததில் ஒரே மாதத்தில் பதினாறு பாய்கள் கிழிந்தன. அடுத்த வீட்டில், தலைமுறைகளுக்கு முன்பே தமிழ் மறந்துபோன சிட்டி குடும்பத்தார் இது என்ன சத்தம் என்று மலாயில் விசாரித்தார்கள். சொந்தக்காரர்கள் வந்திருக்கிறார்கள் என்றதும், அப்படியா என்று ஒரு தட்டு பலகாரம் கூடுதலாக அனுப்பினார்கள்.

ராஜரத்தினம் காதில் மாட்டும் குழாயை வயிற்றில் வைத்து அரைமணி நேரம் கேட்டார். உள்ளேயிருந்து ஒருவர் அவரைக் குரலிலேயே அடையாளம் கண்டுகொண்டார். "டிரெசரையா, நீங்க குடுத்த காய்ச்ச மருந்து ரொம்பக் கசப்புங்க. கொணமும் ஆகல." ராஜரத்தினம் குழாயை மடித்துப் பையில் வைத்து, முன்னேற்றம் நன்று, சத்தம் அதிகம் என்று குறித்துக்கொண்டார்.

பந்தயத்தன்று நல்லையா தம்பினைத் தாண்டியது தம்பின்காரர்களுக்கே தெரியாது. துணிக்கொடியில் காய்ந்த உடுப்புகள் திரும்பி வடக்கே பார்த்ததைத்தான் பார்த்தார்கள். நாற்பதாவது மைல் வந்தது, போனது. வயிறு கலங்கவில்லை. சிரம்பானில் திரும்பும்போது மற்றவர்களைவிட நாற்பது நிமிடம் முன்னால் இருந்தார். அப்படியே வந்தவர், மலாக்காவுக்கு ஒன்பது மைல் இருக்கையில், போகையில் விடியாத இருட்டில் உள்ளே யாரும் கவனிக்காமல் விட்ட அவர்களுடைய தோட்டத்து வெளிவாசல் பெருஞ்சாலையைத் தொடும் இடத்தில் அடித்து வைத்த முளை போல நின்றுவிட்டார். மிதி அசையவில்லை. இறங்கித் தள்ளினாலும் சைக்கிள் நகரவில்லை.

"தோட்டத்துக் கேட்டு வந்திருச்சு தம்பி," என்றாள் அஞ்சலை. "பெரட்டுக்கு நிக்காம இதத் தாண்டுனா கங்காணி தோல உரிச்சிருவாரு."

கங்காணி செத்து இருபது வருடமாகிறது, வெள்ளைக்காரனே போன மாதம் கொடியை இறக்கிவிட்டான், இனி யாருக்குப் பயம் என்று நல்லையா மன்றாடினார்.

"நாங்களுந்தான் செத்துட்டோம். பயம் செத்துச்சா?"

விடிகாலையில் ஆட்களை வரிசையில் நிறுத்திப் பெயர் வாசிப்பதுதான் பெரட்டு. பெயர் வாசிக்காமல் அவர்கள் யாரும் ஒரு நாளும் அடி எடுத்து வைத்ததில்லை. நல்லையா சாலையோரத்தில் நின்று, தன் வயிற்றைப் பார்த்துப் பெயர் வாசிக்கத் தொடங்கினார். படையலில் கேட்டுக் கேட்டு அவருக்குத் தெரிந்தது பதினேழு பெயர்கள். ஒவ்வொரு பெயருக்கும் உள்ளேயிருந்து ஒரு 'சாமி' வந்தது. மீதிப் பேரை ஒவ்வொருவராக விசாரித்தார். நாற்பது நிமிடம் கரைந்தது. முதலாவதாக வந்த தேவதாஸ், உப்புத் தண்ணீர்க் கட்சி, வேகத்தைக் குறைத்து, "என்னா நல்லையா, இந்தத் தடவ பொதர் இல்லாத எடமா பாத்து நின்னுட்டியே லா," என்று கேட்டுவிட்டுப் போனார். பின்னாலேயே மற்றவர்களும் போனார்கள்.

நாற்பது பெயர்கள் வாசித்தாயிற்று. சைக்கிள் இன்னும் நகரவில்லை. நாற்பத்தொன்றாவது ஆள், பிறந்து மூன்றாம் நாள் போய்விட்ட பெண் குழந்தை. பெயர் வைப்பதற்குள் போய்விட்டதால் வாசிக்க ஒன்றும் இல்லை. அதை விட்டுவிட்டுப் போகலாம் என்று ஒருவரும் சொல்லவில்லை. பதினோராவது ஓட்டக்காரரும் கடந்து போவதை நல்லையா பார்த்தார். பிறகு வயிற்றுக்கு அருகே குனிந்து, "விஜயா," என்று கூப்பிட்டார். குழந்தைக்குப் பேச வராது. ஒரு விக்கல் மட்டும் வந்தது.

"பேரு வாசிச்சாச்சு. இன்னிக்கு எல்லாருக்கும் வெளி வேல. கெளம்புங்க."

அந்த ஒன்பது மைலை அவர் எத்தனை நிமிடத்தில் கடந்தார் என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. ஆறு நிமிடம் என்பவர்கள் அடக்கமானவர்கள். தேவதாஸையும் தாண்டி, பண்டார் ஹிலிர் திடலில் முடிவுக் கோட்டை முதலாவதாகக் கடந்தார். ஆனால் நிற்கவில்லை. வாசல் திறந்துவிட்ட பிறகு நாற்பத்தொரு பேரும் நிற்கிற வழியாக இல்லை. திடலைச் சுற்றினார், கடற்கரைக்குப் போய் வந்தார், ஜாலான் துக்காங் எமாஸில் பிள்ளையார் கோயிலைச் சுற்றிவிட்டுப் பக்கத்துப் பள்ளிவாசல் வாசலையும் ஒரு பார்வை பார்த்துத் திரும்பவும் திடலுக்கு வந்தார். தேவதாஸ் கையெழுத்துப் போட்டார். பதினோரு பேரும் போட்டு முடித்தார்கள். ராஜரத்தினம் பேனாவை மூடப்போனார். கோகிலா அந்தப் பேனாவைப் பிடுங்கிக்கொண்டு, ஓடுகிற சைக்கிளுக்கு இணையாக ஓடினார். வயிற்றைப் பார்த்துத்தான் பேசினார்.

"ஒரு காலு ஊனட்டும். ஒரு கையெழுத்து. அவ்ளோதான் கேக்குறேன்."

"அதுக்கப்புறம்?" என்றாள் அஞ்சலை.

"அதுக்கப்புறம் நீங்க சொல்ற எடம்," என்றார் நல்லையா. "ஆயுசுக்கும்."

உள்ளே ஆலோசனை நடந்தது. சைக்கிள் மேசைக்கு முன்னால் வந்து நின்றது. நல்லையா இடது காலை ஊன்றி, பன்னிரண்டு பேரில் பன்னிரண்டாவதாகத் தன் பெயரை எழுதினார். 'ந' கொஞ்சம் கோணலாக வந்தது. மை காய்வதற்குள் அதன் கீழே ஒவ்வொன்றாகக் கைநாட்டுகள் விழுந்தன. கடைசியாக விழுந்தது மிளகளவுதான் இருந்தது. ராஜரத்தினம் நாற்பத்தொன்றையும் எண்ணிப் பார்த்து, மையொற்றும் தாளை வைத்து அழுத்தி, புத்தகத்தை மூடினார்.

சொன்ன சொல்லை நல்லையா மீறவில்லை. ஆறு நாள் கடிதம், ஏழாம் நாள் பயணம் என்று வருடங்கள் போயின. ஊரில் தேர்தல் வந்த வருடம் உள்ளேயும் ஓட்டுப் போடும் வழக்கம் வந்தது. அதற்கு முன் ஆளாளுக்கு ஓரிடம் கேட்டு முன்சக்கரம் நாலு பக்கமும் திரும்பும். போன ஞாயிற்றுக்கிழமை போர்ட்டிக்சனுக்குப் பதினெட்டு ஓட்டு, மூவாருக்கு இருபத்து மூன்று. நல்லையா மூவாருக்குப் போனார்.