பட்டப்பகலில் மின்மினி

எட்டாவது மாதத்தில் நான் பாதி நாள் தூக்கத்திலும் மீதி நாள் தூக்கக் கலக்கத்திலும் இருந்தேன். பிரஷர் இருக்கிறது, இடப்பக்கம் ஒருக்களித்துப் படு, அதிகம் நடமாடாதே என்று டாக்டர் கோமளா சொல்லியிருந்தார். படுத்துக்கொள்ளச் சொன்னால் மறுப்பேனா? உத்தரவை அட்சரம் பிசகாமல் நிறைவேற்றினேன்.

ஏரி தெரியும் என்று சொல்லி எங்கள் தலையில் கட்டிய ஃப்ளாட் இது. பால்கனியில் நின்றால் செம்பரம்பாக்கம் குடோன்களின் தகரக் கூரைதான் தெரியும். ஆனால் கட்டிலில் என் தலையணையில் இடப்பக்கமாகப் படுத்தால் மட்டும், இரண்டு குடோன்களுக்கு நடுவில் ஒரு துண்டு ஏரி தெரிந்தது. அதை யாரும் எனக்குச் சொல்லவில்லை, நானாகக் கண்டுபிடித்தது. அதனால் அந்தத் துண்டு எனக்கே சொந்தம் என்று நினைத்துக்கொண்டேன்.

எதிர்வீட்டு ஜெனிஷா மட்டும் சாயங்காலத்தில் வந்து பேசிக்கொண்டிருப்பாள். சேக்காட்டிலிருந்து குடிவந்த குடும்பம். அப்பா கிறிஸ்துதாஸுக்கு வேலையிலிருந்து ஓய்வு, மகளுக்கு ஓயாத ஆராய்ச்சி. ரத்தக் குழாய்களின் செல்களைக் கண்ணாடித் தகட்டில் வைத்துப் பார்ப்பதுதான் அவள் வேலை. ஒருநாள் போனில் ஒரு வீடியோ காட்டினாள். கறுப்பில் பச்சைப் பொட்டுகள் அங்கொன்றும் இங்கொன்றுமாக மின்னி மின்னி அணைந்தன. நான் மின்மினியா என்று கேட்டேன்.

செல்லுக்குள் கால்சியம் நுழைந்தால் ஒளிரும் சாயமாம் அது. "குழாய்ச் சுவத்துல ரெண்டு சாதி செல் கீது அக்கா," என்றாள். "வெளில கீறது தசை. கால்சியம் உள்ள பூந்தா அது இறுக்கிப் பிடிக்கும். குழாய் சுருங்கும், பிரஷர் ஏறும். உள்பக்கம் ரத்தத்தைத் தொட்டுகினு கீறது இன்னொண்ணு. அதே கால்சியம் அங்க மின்னுச்சின்னா, பக்கத்துத் தசைக்கு 'தளத்திக்கோ'ன்னு சேதி அனுப்பும்."

ஒரே கால்சியம் ஓரிடத்தில் இறுக்குகிறது, இன்னோரிடத்தில் தளர்த்துகிறது. அன்றிலிருந்து என் மதியக் கனவுகளுக்குப் பஞ்சமே இல்லை. ஈரச் சுவர் வைத்த நீளமான நடையில் வெறுங்காலுடன் நடப்பேன். சுவர் முழுக்க ஆட்கள் கைகோத்து நிற்பார்கள். சின்னச் சின்னக் கதவு திறந்து வெள்ளைப் பொடி விழும்போதெல்லாம் அவர்கள் நெருங்கி நெருங்கி வருவார்கள். உள்வரிசைப் பெண்கள் விளக்கேற்றிக்கொண்டு, விடுங்கப்பா, பிள்ளைக்காரி போகட்டும் என்பார்கள். நான் சிரித்துக்கொண்டே விழித்துக்கொள்வேன்.

என் கணவன் பிரசன்னாவுக்குக் கனவெல்லாம் கிடையாது. அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் மென்பொருளில் தப்புக் கண்டுபிடிப்பது அவன் பிழைப்பு. ஓரிடத்தில் திற என்றும் இன்னோரிடத்தில் மூடு என்றும் எழுதியிருந்தால் அவனுக்குத் தூக்கம் வராது. என் மாத்திரைகளை வாரம் ஒருமுறை பெட்டியில் பிரித்துப் போடுவதும் அவன்தான். காலையில் உள்ளங்கையில் கொட்டுவான், நான் பாதிக் கண்ணில் விழுங்குவேன்.

அவன் செய்ததை நான் பிறகுதான் தெரிந்துகொண்டேன். உங்களுக்கு இப்போதே சொல்லிவிடுகிறேன். டாக்டர் எனக்குக் கால்சியம் மாத்திரையும் கொடுத்திருந்தார், பிரஷர் மாத்திரையும் கொடுத்திருந்தார். பிரஷர் மாத்திரை கால்சியம் போகும் வழியை அடைக்கும் என்று அவன் எங்கேயோ படித்துவிட்டான். ஒரு கையால் கொடுத்து மறுகையால் தடுப்பதா? பிள்ளையின் எலும்புக்கு வேண்டியதைத் தடுக்கலாமா? வீட்டில் வைத்திருந்த பிரஷர் மெஷினும் அப்போது சரியான நம்பரைத்தான் காட்டியது. டாக்டரிடம் கேட்டால் சிரிப்பார் என்று கூச்சம். என்னிடம் சொன்னால் எனக்கு டென்ஷன், டென்ஷன் வந்தால் பிரஷர். ஆக, மகாபுத்திசாலி வாயை மூடிக்கொண்டு பிரஷர் மாத்திரையைப் பெட்டியிலிருந்து எடுத்துவிட்டான். நம்பர் பார்த்து நான் பயப்படக் கூடாதென்று மெஷினையும் பீரோவுக்குள் வைத்துவிட்டான்.

அடுத்த வாரம் ஏரியில் மின்மினி வந்தது. முதலில் தண்ணீர் மேல் மட்டும்தான். காலையில் பிரசன்னாவைக் கூப்பிட்டு, ஏரியில் மின்மினி பார் என்றேன். பால்கனிக் கதவு வரை போய் எட்டிப் பார்த்து, கூரைதான் தெரிகிறது, நீ கனவு கண்டுகொண்டே இரு ரேஷ்மா என்று கன்னத்தைத் தட்டிவிட்டு ஆபீசுக்குக் கிளம்பினான்.

மத்தியானத்துக்குள் மின்மினிகள் ஜன்னல் வழியாக அறைக்குள் வந்துவிட்டன. ஃபேன் மேல், சுவரில், என் வயிற்றின் மேல் வெள்ளியாக மின்னின. நெற்றி விண்விண்ணென்று தெறித்தது, நெஞ்சுக்குழிக்குக் கீழே யாரோ முழங்கையை ஊன்றியது போல ஒரு வலி. காலையில் சாப்பிட்ட உருளைக்கிழங்கின் மேல் பழியைப் போட்டேன். எல்லாம் அத்தனை அழகாக இருந்தது. இவ்வளவு சந்தோஷத்தை யாரிடமாவது சொல்லியே ஆகவேண்டும் என்று ஜெனிஷாவுக்குப் போன் போட்டேன். உன் வீடியோவில் இருந்ததெல்லாம் எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டது என்றேன்.

அவள் சிரிப்பாள் என்று எதிர்பார்த்தேன். கண் திறந்திருக்கும்போதா என்று கேட்டாள். ஆமாம் என்றேன். தலைவலிக்கிறதா என்றாள். கொஞ்சம் என்றேன். போனில் நாற்காலி தள்ளும் சத்தம் கேட்டது.

"அக்கா, அது கனவு இல்ல. பிரஷர். மெள்ள எழுந்து வாசக்கதவைத் தொறந்து வெச்சிட்டு உக்காரு. அப்பா வந்துகினே கீறாரு."

கிறிஸ்துதாஸ் லுங்கியோடு வந்தார். என்னைத் தாங்கிப் பிடித்துக் காரில் ஏற்றினார். குமணன்சாவடியில் வண்டிகள் நகரவே இல்லை. அவர் ஹாரனிலிருந்து கையை எடுக்காமல், "பாப்பா, தூங்காத. பேசிக்கினே வா. புள்ளைக்குப் பேரு இன்னா வெச்சிகீற?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். மெட்ரோ தூண்களைச் சுற்றி மின்மினிகள் பறந்தன. எனக்குப் பெயர் ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. அப்போதுதான் முதல்முறையாகப் பயந்தேன். பிள்ளை காலையிலிருந்து உதைத்ததா என்று யோசித்தேன், அதுவும் நினைவில்லை.

ஆஸ்பத்திரியில் பிரஷர் பார்த்த நர்ஸ், கையில் கட்டியதை அவிழ்த்து மறுபடி கட்டிப் பார்த்தாள். டாக்டர் கோமளா ஓடிவந்து, மாத்திரை ஒழுங்காகப் போட்டீர்களா என்றார். ஒரு வேளைகூட விடவில்லை என்று பெருமையாகச் சொன்னேன். டாக்டருக்குக் குழப்பம். மாத்திரையையும் மீறி இவ்வளவு ஏறியிருந்தால் வேறு ஏதோ இருக்கிறது என்று அடுத்த பரிசோதனைகளை நர்சிடம் சொல்லிக்கொண்டிருந்தார். அந்த நேரத்தில்தான் பிரசன்னா மூச்சிரைக்க உள்ளே வந்தான்.

அவன் பேசாமல் இருந்திருக்கலாம். யாருக்கும் தெரிந்திருக்காது.

"அவ போடல டாக்டர்," என்றான். "பிரஷர் மாத்திரையை நான்தான் எடுத்துட்டேன். ஒரு வாரமா."

டாக்டர் அவனை ஒரு பார்வை பார்த்துவிட்டு, நர்சிடம் சொல்லிக்கொண்டிருந்ததை மாற்றிச் சொன்னார். வாயில் ஒரு மாத்திரை, கையில் ஊசி. பிறகு பெரிய விளக்குகள் வைத்த ஆபரேஷன் அறை. மின்மினிகள் ஒவ்வொன்றாக அணைவதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். தூரத்தில் ஒரு சின்ன அழுகை கேட்டது.

பெண் குழந்தை. கண்ணாடிப் பெட்டிக்குள் கோழிக்குஞ்சு போலக் கிடந்தாள், ஆனால் தானாக மூச்சு விட்டாள். மறுநாள் டாக்டர் எங்கள் இருவரையும் வைத்துக்கொண்டு பேசினார். சாப்பாட்டில் கால்சியம் குறைந்தால் உடம்பு பதறிப்போய்ச் சில ஹார்மோன்களைச் சுரக்குமாம். அந்தப் பதற்றத்தில் குழாயின் தசை செல்கள் கால்சியத்தை உள்ளே வாரிப் போட்டுக்கொண்டு இறுகிவிடுமாம். கால்சியம் மாத்திரை கொடுத்தால் அந்தப் பதற்றம் அடங்கும். பிரஷர் மாத்திரை செல்லின் கதவைச் சாத்தும், பிள்ளையின் எலும்பைத் தொடாது. இரண்டும் ஒரே பக்கம்தான் இழுக்கின்றன என்றார். "கேட்டிருந்தா ரெண்டு நிமிஷத்துல சொல்லியிருப்பேனே," என்றபோது அவர் குரலில் கோபம்கூட இல்லை. அதுதான் பிரசன்னாவை அழவைத்தது.

எனக்குக் கோபம் இருந்தது, ஏராளமாக. எனக்காகப் பயப்படும் உரிமையை அவனுக்குக் கொடுத்திருந்தேன். எனக்குத் தெரியாமல் பயப்படும் உரிமையை எப்போது கொடுத்தேன்? வீட்டுக்கு வந்த பிறகும் அவனோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. அவன் ஒவ்வொரு மாத்திரையாக என் கண் முன்னால் பிரித்து, பெயர் சொல்லி, நான் தலையாட்டிய பிறகே கையில் வைத்தான். மெஷின் கட்டில் பக்கத்திலேயே இருந்தது. வேண்டுமென்றே தலையாட்டத் தாமதித்தேன், அவனும் காத்துக்கொண்டு நின்றான்.

ஒரு சாயங்காலம் குழந்தைக்குப் பால் கொடுத்துவிட்டு இடப்பக்கம் சாய்ந்தேன். குடோன்களுக்கு நடுவில் ஏரி மின்னியது. ஒன்று, இன்னொன்று, பிறகு எண்ண முடியாமல். மறுபடியும் பிரஷரா? கண்ணை மூடினேன், திறந்தேன். அங்கேயே இருந்தன.

"பிரசன்னா," என்றேன். பல நாளைக்குப் பிறகு அவன் பெயரைச் சொன்னேன். "மின்னுது."

அவன் மெஷினை எடுத்துக்கொண்டு ஓடிவந்தான். என் கையில் கட்டினான். நம்பர் சரியாக இருந்தது. அவன் நம்பவில்லை, மறுபடி கட்டினான். மறுபடியும் சரியாக இருந்தது. பிறகு மெஷினைக் கீழே வைத்துவிட்டு, பால்கனிப் பக்கம் போகாமல், குழந்தை விழித்துவிடாமல் எனக்குப் பின்னால் வந்து படுத்தான். என் தலையணையில் என் தலையோடு தலை ஒட்டி, நான் பார்க்கும் பக்கமே பார்த்தான். ரொம்ப நேரம் பார்த்தான்.

"எனக்கும் தெரியுது," என்றான். "வெயில் தண்ணில படுது ரேஷ்மா. நிஜமாவே மின்னுது."