பாட்டுக்குள் ஒரு மூச்சு

அப்பாவின் தலையில் அரப்பைத் தேய்த்துக்கொண்டிருந்தபோது சதீஷ்குமாரின் சட்டைப்பையில் செல்போன் மறுபடி அதிர்ந்தது. கடைசிக் குளிப்பாட்டுக்காக அவரை வாசலில் நாற்காலியில் சாய்த்து உட்காரவைத்திருந்தார்கள். அப்பாவின் கழுத்து அவன் உள்ளங்கையில் கனத்தது.

"யாரு சாமி, ஓயாம கூப்புடறாங்க? சேதி தெரிஞ்சவங்களா?" என்றாள் அம்மா அத்தாயி.

"ஆமாங்கம்மா."

சேதி தெரிந்தவர்கள் இல்லை. கோயம்புத்தூரில் அவனும் நண்பர்களும் நடத்தும் 'ஈரக்கல்' இசைக்குழுவின் புதுப் பாட்டைக் கேட்டவர்கள். அதில் வார்த்தை கிடையாது. எங்கோ தூரத்தில் கிடார் தொடங்கும். மலையில் மேகம் இறங்குவதுபோல மெல்ல அடர்ந்து, டிரம்ஸும் சேர்ந்து, சட்டென்று எல்லாம் நின்றுபோகும். அந்த அமைதியில் ஒரு மூச்சு. இழுத்து, நுனியில் சன்னமாகக் கீச்சிட்டு, விடும்.

போன தையில் மிளகு பறிக்க ஏணி ஏறிய அப்பாவின் மூச்சு அது. சட்டையில் மைக்கைக் குத்திவிட்டு, "பேசாம வேலையப் பாருங்கப்பா" என்றிருந்தான்.

"மூச்சுக்கூடவாடா பாட்டுல சேரும்?" என்று அப்பா அர்த்தனாரி சிரித்தார்.

உடம்பைத் துடைத்துக் கிடத்திய பிறகு, வீட்டுக்குப் பின்னால் போய் செல்போனை எடுத்துப் பார்த்தான். 'அந்த மூச்சு வர்ற எடத்துல எங்கப்பா பக்கத்துல உக்காந்திருக்கற மாதிரி இருக்கு.' 'ரொம்ப நாளா தூக்கமே இல்ல. இதக் கேட்டுக்கிட்டே தூங்கிட்டேன்.' 'என்ன கருவிங்க அது? அந்தக் கீச்சு சத்தம் அவ்வளவு அழகு.'

அந்தக் கீச்சு தெளிவாகக் கேட்கட்டும் என்று ஒலியைக் கூட்டி வைத்தவனே அவன்தான். ஹெட்போனை மாட்டிக்கொண்டு வாரக்கணக்கில் அதையே கேட்டிருக்கிறான்.

நாமக்கல் ஆஸ்பத்திரியில் டாக்டர் அவனிடம் மட்டும் சொல்லியிருந்தார். "நுரையீரல் சுருங்கிப்போச்சு தம்பி. மூச்சுல சத்தம் வர ஆரம்பிச்சப்பவே கூட்டிட்டு வந்திருக்கணும்."

டிரம்ஸ் வாசிக்கும் இளங்கோ மத்தியான பஸ்ஸில் வந்து சேர்ந்தான். மாலையை வைத்துவிட்டு, தயங்கியபடி சதீஷ்குமார் பக்கத்தில் உட்கார்ந்தான்.

"வேணும்னா அந்தப் பாட்ட நெட்ல இருந்து எடுத்துரலாம்டா."

"எந்தப் பாட்டு கண்ணு?" தலைமாட்டிலிருந்து அத்தாயி கேட்டாள்.

இளங்கோ தலையைக் குனிந்துகொண்டான். சதீஷ்குமார்தான் சொன்னான். "தையில மொளகு பறிக்கறப்ப புடிச்ச அப்பா மூச்ச ஒரு பாட்டுல வெச்சிருக்கறங்கம்மா."

அவள் கையை நீட்டினாள். அழுதுகொண்டிருந்த பெண்கள் ஒவ்வொருவராக நிறுத்தினார்கள். இயர்போனை அவனே அவள் காதில் வைத்தான். வெகுநேரம் அவள் முகத்தில் ஒன்றுமில்லை. பிறகு பார்வை விருட்டென்று கிடத்தியிருந்தவர்மேல் போயிற்று.

"அவருதான்" என்றாள். பாட்டு முடியும்வரை அப்படியே இருந்தாள்.

"தையிலயேவா சாமி இப்பிடி இழுத்துச்சு? பக்கத்துலயே படுத்துக் கெடந்தனே... எனக்குக் கேக்காமப் போச்சே."

"அம்மா..."

"ஊட்ல இருந்த நாந்தான் கவனிச்சிருக்கோணும். நீ டவுன்ல கெடக்கறவன். உனக்கு என்ன தெரியும்?"

இளங்கோ அவனைப் பார்த்தான். சதீஷ்குமார் வாயைத் திறந்தான்.

"உம்மேல ஒண்ணுமில்ல சாமி," என்று அவன் முழங்காலைத் தடவினாள். அந்தக் கை முழங்காலில் இருக்கும்வரை அவன் அசையவில்லை.

குழி வெட்டப் போனவர்கள் திரும்பிவிட்டார்கள். "மழை வாரதுக்குள்ள எடுத்தரலாமுங்க" என்று வாசலில் ஒருவர் குரல் கொடுத்தார். அத்தாயி காதிலிருந்து இயர்போனை எடுக்கவில்லை.

"இன்னொருக்கா போடு."

அவன் போட்டான். தூக்க வந்தவர்கள் உள்ளே எட்டிப் பார்த்தார்கள். துண்டைத் தோள் மாற்றிப் போட்டுக்கொண்டு, தூறலில் நின்றார்கள்.