வைரஸ் விடாத வரிசை

தலைசுற்றலுக்குக் கொடுத்துவந்த, இப்போது கடைகளில் கிடைக்காத பழைய மாத்திரை வைரஸைக் கொல்கிறதாம்! ஆய்வுக்கூடம் முழுக்க இதே பேச்சு. தட்டில் செல்களை வளர்த்து, வைரஸை விட்டு, அந்த மருந்தையும் விட்டார்கள். மூன்றாம் நாள் வைரஸைக் காணோம். இயக்குநருக்குத் தலைகால் புரியவில்லை. மாலை நான்கு மணிக்கு நிருபர்களை வரச் சொல்லிவிட்டார்.

ஆனால் தட்டுகளைப் பார்த்துக்கொள்கிறவள் ஒருத்தி இருக்கிறாளே! தட்டுக்காரி என்றுதான் எல்லோரும் அவளைக் கூப்பிடுவார்கள். அவள் நேராக இயக்குநர் அறைக்குள் நுழைந்தாள்.

"சார், வைரஸே விடாம மருந்து மட்டும் விட்ட வரிசையிலயும் செல்லெல்லாம் செத்துக் கிடக்கு. வீட்டையே இடிச்சுத் தள்ளினா குடியிருக்கறவன் எங்க இருப்பான்?"

"செல் பத்தல, அந்த வரிசை வேணாம்னு சொன்னேனே. யாரு போடச் சொன்னா?"

"யாரும் சொல்லல. மிச்சத்துல நானாத்தான் போட்டேன்."

இயக்குநர் குரலைத் தாழ்த்தினார். "உங்க அக்கா வீட்டுக்காரரு இதே வைரஸ் காய்ச்சல்ல ஆஸ்பத்திரியில இருக்காராமே. இந்தா, ஒரு டப்பா எடுத்துட்டுப் போம்மா. அறிக்கையில கையெழுத்து மட்டும் போட்டுடு."

அப்பா போன பிறகு அவளைப் படிக்கவைத்தவர் அத்தான். ஒரு நொடி கை டப்பாவை நோக்கி நீண்டது. அதை ஏன் மறைக்க வேண்டும்?

கையை இழுத்துக்கொண்டு பேனாவை எடுத்தாள். 'வைரஸ் விடாத செல்களும் இம்மருந்தால் இறந்தன' என்று கொட்டை எழுத்தில் எழுதி, அதன் கீழ் கையெழுத்துப் போட்டாள்.

"என்ன திமிர்! கிழிச்சுப் போட்டுடுவேன்."

"தாராளமா. நாலு மணிக்கு வாயாலயே சொல்லிடறேன்."

"வேலை போயிடும்."

"போகட்டும் சார்."

வெளியே வந்ததும் அக்காவின் போன். "உங்க ஆய்வுக்கூடத்துல ஏதோ மாத்திரைன்னு பேசிக்கறாங்களே, கெடச்சுதாடி? அவருக்கு மூச்சு இழுக்குது."

"அது வேணாம்க்கா. தட்டுல விட்ட அளவுக்கு மருந்து ஒடம்புல ஏறணும்னா ஒரு நாளைக்கு நாப்பது மாத்திரை முழுங்கணும். அத்தான் தாங்க மாட்டாரு."

"எப்படியும் போயிடுவாரோன்னு கெடக்கேன். உன் கையில இருக்கறதக் குடுக்க மாட்டியா? பாவி!"

"மாட்டேன். நாலு மணிக்கு ஒண்ணு சொல்ல வேண்டியிருக்கு. அத முடிச்சுட்டு வெறுங்கையோட வர்றேன். அடிக்கணும்னா அடிச்சுக்கோக்கா. ஆனா அத்தானுக்கு அந்த விஷத்தக் குடுக்க விடமாட்டேன்."