எட்னாவின் வாசற்படி

1948 ஜூலையில் இங்கிலாந்து முழுக்க வைத்தியம் இலவசமானது. அக்டோபரில் என் மனைவி எட்னாவின் இதயம் பழுதென்று டாக்டர் சொன்னார். படுக்கையை விட்டு இறங்கக் கூடாதாம். வீட்டு வேலைக்கு நகராட்சியிலிருந்து ஒரு பெண் வருவாள் என்றார். நான் எரிவாயு ஆலையில் கரி அள்ளுகிறவன், பகலில் வீட்டில் இருக்க வழியில்லை.

நகராட்சி என்றதும் எட்னாவின் முகம் மாறிவிட்டது. அவள் அம்மாவை ஏழைகளை அடைத்துவைக்கும் விடுதிக்குக் கொண்டுபோனது நகராட்சி ஆள்தான். உள்ளே எட்டிப் பார்த்தான், அழுக்கு என்றான், வண்டி வந்துவிட்டது. அந்தக் கட்டடத்தை இப்போது அரசாங்கம் எடுத்து ஆஸ்பத்திரி என்று பெயர் மாற்றியிருந்தது. எங்கள் தெருவில் யாரும் அதை நம்பவில்லை.

நகராட்சி அனுப்பிய மிஸஸ் கெர்ஷா முதல் நாள் வந்தபோது துடைக்க ஒன்றுமில்லை. நான் ஷிஃப்டுக்குப் போனதும் எட்னா எழுந்து தரையைத் தேய்த்து, வாசற்படி ஓரத்தை நனைத்து எங்கள் தெரு வழக்கப்படி வெள்ளைக்கல்லால் கோடும் தேய்த்துவிட்டுப் படுத்திருக்கிறாள். அடுத்த முறையும் அப்படியே. எட்னாவுக்கு உதடெல்லாம் நீலம். அன்று மிஸஸ் கெர்ஷா நான் வரும்வரை காத்திருந்து, என் முன்னாலேயே கேட்டார்.

“ஏன் கண்ணு, நான் வேவு பாக்க வந்தவளுன்னு நெனச்சியா?”

“நகராட்சிதான ஒன்ன அனுப்புச்சு?”

“ஆமா. ஒன்ன இந்த வீட்லயே வெச்சுக்கத்தான் அனுப்புச்சு. நீ இப்பிடித் தேச்சு விழுந்தேன்னா டாக்டர் அந்த ஆஸ்பத்திரிக்குத்தான் அனுப்புவாரு. வண்டிய நீயே கூப்புடுற.”

எட்னா தலையணையில் சாய்ந்துகொண்டாள்.

“அப்ப படிக்கு நீ கல்லு போடுவியா? ஓரம் நேரா வரணும். எதிர்வீட்டுக்காரி பாப்பா.”

“அவ படியே கோணல்.”

எட்னா சிரித்தாள். பல வாரமாக நான் கேட்காத சிரிப்பு.

கட்டிலைக் கீழே முன்ஜன்னலோரம் இறக்கிப் போட்டேன். குளிர்காலம் முழுக்க மிஸஸ் கெர்ஷா குளிர்ந்த தண்ணீரில் கைவைத்து, முழங்காலிட்டுத் தேய்ப்பார். கோடு கொஞ்சம் வளைந்தாலும் எட்னா உள்ளேயிருந்து ஜன்னல் கண்ணாடியைத் தட்டுவாள். மேயர்கூட என்னை இப்படி வேலை வாங்கமாட்டார் என்று அவர் முணுமுணுப்பதும், அழித்துவிட்டு மறுபடி போடுவதும் வாடிக்கையாகிவிட்டது. எட்னா அதற்குப் பிறகு தானாக எழவே இல்லை.

மார்ச்சில், அந்த ஜன்னலோரமே போய்ச் சேர்ந்தாள். வீட்டில் நோயாளி இல்லையென்றால் நகராட்சி ஆளுக்கும் அங்கே வேலையில்லை.

அடக்கத்தன்று காலை கதவைத் திறந்தேன். படி ஈரமாக இருந்தது. ஓரத்தில் வெள்ளைக்கோடு, கயிறு பிடித்துப் போட்டதுபோல நேராக. வாளியோடு மிஸஸ் கெர்ஷா தெருமுனை திரும்பிக்கொண்டிருந்தார், வேறு வீட்டுக்கு.

பெட்டியைத் தூக்கிய நாங்கள் நால்வரும் அந்தக் கோட்டை மிதிக்காமல் எட்டிக் கடந்தோம்.